கோதிக் வில்லன் மேல் இரக்கம் வந்தால் எப்படிப் படிப்பது: முழு வழிகாட்டி

கோதிக் நாவல், அதாவது பழைய கோட்டை, இருட்டு, ரகசியம் என்று போகும் திகில் கதை படிக்கிற யாருக்கும் ஒரு கட்டத்தில் வில்லனைப் பார்த்துப் பாவமாக இருக்கும். அதில் தப்பு ஒன்றும் இல்லை, அந்த நாவல்கள் எழுதப்பட்டதே அப்படித்தான். இந்த வகைக்கு முதல் நாவல் என்று சொல்லப்படும், 1764 டிசம்பரில் வந்த 'ஒட்ரான்டோ கோட்டை'யிலேயே, கோட்டையை ஆளும் மான்ஃபிரட் இருட்டில் ஆள் தெரியாமல் தன் சொந்த மகளையே குத்திவிட்டு நிற்கும்போது, அதுவரை அவனைத் திட்டிக்கொண்டே பக்கம் புரட்டியவர்கூட ஒரு நிமிடம் வாயடைத்துப் போவார். சிக்கல் அதற்கு அப்புறம்தான். இரக்கம் வந்த கையோடு கணக்குப் பார்ப்பதை விட்டுவிடுகிறோம். "பாவம், அவன்தான் என்ன செய்வான்" என்று ஒருவர் சொல்ல, "கொலைகாரனுக்குப் போய்ப் பாவமா" என்று இன்னொருவர் மல்லுக்கு நிற்க, பெரும்பாலும் இரண்டு பேருமே புத்தகத்தைப் பாதிக்குமேல் கவனித்துப் படித்திருக்க மாட்டார்கள்.

என் கட்சி இதுதான்: வில்லனுக்காக மனம் நிறைய இரக்கப்படலாம், அவனால் செத்தவர்களில் ஒருவர் பெயரைக்கூட மறக்காத வரைக்கும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன். கதைகளின் முடிவை எல்லாம் போட்டு உடைக்கப்போகிறேன், எனவே ஸ்பாய்லர் ஆகாது என்பவர்கள் முதலில் போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

படி 1: நான்கு புத்தகம் போதும்

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818), எமிலி பிரான்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' (1847), பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897), காஸ்தோன் லெரூ பிரெஞ்சில் எழுதி 1909-10இல் பாரிஸ் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்த 'ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பெரா'. நான்குமே காப்புரிமை முடிந்தவை, புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கும். பழைய காலத்து மொழிக்குப் பழகியவர்கள் மேத்யூ லூயிஸின் 'தி மங்க்' (1796), ஆன் ராட்கிளிஃபின் 'தி இத்தாலியன்' (1797) இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றில் முதலில் எடுக்க வேண்டியது 'ஃபிராங்கன்ஸ்டைன்'. இரக்கம் என்ற விஷயத்தை அந்த அளவுக்கு நேருக்கு நேர் கையில் எடுத்த கோதிக் நாவல் வேறில்லை என்பது என் எண்ணம்.

படி 2: சினிமாவை ஓரமாக வையுங்கள்

நம்மில் பலருக்கு இந்த வில்லன்கள் திரை வழியாகத்தான் அறிமுகம். அங்கேதான் முதல் குழப்பம். 1931இல் வந்த ஃபிராங்கன்ஸ்டைன் படத்தில் போரிஸ் கார்லாஃப் நடித்த உருவம் உறுமும், கையை நீட்டும், ஒரு வார்த்தை பேசாது. அதன் தலைக்குள் தவறுதலாக ஒரு குற்றவாளியின் மூளையை வைத்துவிட்டதாகவும் படம் சொல்கிறது. நாவலில் அப்படி எதுவுமே கிடையாது. நாவலின் உருவம் மில்டனின் காவியம் படிக்கும், புளூட்டார்க் படிக்கும், தன் தரப்பை வக்கீல் மாதிரி வாதாடும். மூளையிலேயே கோளாறு என்றால் யார் மேலும் பழி இல்லை, நாவலோ பழி யார் மேல் என்பதைத்தான் கடைசிப் பக்கம்வரை கேட்டுக்கொண்டிருக்கிறது.

டிராகுலாவுக்கு நடந்தது நேர் எதிர். செத்துப்போன மனைவி, அவளே மறுபிறவி எடுத்து வந்த மாதிரி ஒரு பெண், நூற்றாண்டுகள் தாண்டிய காதல் என்றெல்லாம் 1992 படத்தில் பார்த்து உருகினோமே, ஸ்டோக்கரின் நாவலில் அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தச் சரக்கு 1974இல் வந்த ஒரு தொலைக்காட்சிப் படத்திலேயே தொடங்கிவிட்டது. நாவலில் டிராகுலா பிரபு தன் கோட்டையில் இருக்கும் மூன்று பெண்களிடம் எனக்கும் காதலிக்கத் தெரியும் என்று ஒரு இடத்தில் சொல்வதோடு சரி. ஆக, நீங்கள் டிராகுலாவுக்காக அழுதிருந்தால் அந்தக் கண்ணீர் திரைக்கதை ஆசிரியருக்குச் சேர வேண்டியது.

படி 3: யார் வாயால் கதை வருகிறது?

ஒரு பென்சிலோடு உட்காருங்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் ஓரத்திலும் இதை யார் சொல்கிறார்கள், யாரிடம் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். வேலை கொஞ்சம் சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

'ஃபிராங்கன்ஸ்டைன்' கதையை வால்டன் என்ற கப்பல் பயணி தன் சகோதரிக்குக் கடிதமாக எழுதுகிறான். அதற்குள், அந்த உருவத்தைப் படைத்த விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் தன் கதையை வால்டனிடம் சொல்கிறான். அதற்கும் உள்ளே, புத்தகத்தின் நட்ட நடுவில், அந்த உருவம் தன் கதையை விக்டரிடம் சொல்கிறது. நமக்கு அந்த உருவத்தின் மேல் இரக்கம் வருவதற்குப் பெரிய காரணம், நடு அத்தியாயங்களில் அது 'நான்' என்று பேசுவதுதான். மேரி ஷெல்லி இதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறார். விக்டர் சாகும் தறுவாயில் வால்டனிடம், அவன் பேச்சில் வல்லவன், ஒரு காலத்தில் என் மனதையே அசைத்தவன், நம்பாதே என்று எச்சரிக்கிறான். அந்த எச்சரிக்கை நமக்கும் சேர்த்துத்தான். வேடிக்கை என்னவென்றால், எச்சரிக்கிற விக்டரும் தன் தரப்பைத் தானே சொல்லிக்கொள்கிறவன்தான், எனவே அவனை மட்டும் எப்படி நம்புவது?

'டிராகுலா'வில் நாட்குறிப்பு, கடிதம், பத்திரிகைத் துணுக்கு, ஃபோனோகிராஃப் கருவியில் எடுத்த ஒலிப்பதிவு என்று எல்லாருடைய குரலும் உண்டு, பிரபுவின் பக்கம் மட்டும் காலி. அவனுக்கு எதிராகச் சேர்க்கப்பட்ட கோப்பைத்தான் நாம் படிக்கிறோம். சார்லட் பிரான்டியின் 'ஜேன் ஐர்' நாவலில் மாடியில் அடைத்து வைக்கப்பட்ட பெர்த்தாவுக்கும் இதே கதிதான், அவளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவளைப் பூட்டி வைத்த கணவன் சொன்னது. அவள் தரப்புக்கு ஒரு நாவல் எழுத 1966இல் ஜீன் ரீஸ் வர வேண்டியிருந்தது.

'வுதரிங் ஹைட்ஸ்' இன்னும் கள்ளத்தனமானது. கதை சொல்லும் நெல்லி டீன் அந்த வீட்டு வேலைக்காரி, நடந்ததற்கெல்லாம் சாட்சி, பார்த்தால் நியாயமானவள். ஆனால் லிவர்பூல் தெருவில் கண்டெடுத்த ஹீத்கிளிஃபை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் இரவு, குழந்தைகள் அவனைத் தங்கள் படுக்கையில் சேர்க்க மாட்டோம் என்றதும், காலைக்குள் தொலைந்து போயிருக்கட்டும் என்று அவனை மாடிப்படித் தளத்தில் விட்டவள் இதே நெல்லிதான். அதை அவளே சொல்கிறாள், போகிற போக்கில். முதல் காயத்தில் கதைசொல்லியின் கையும் இருக்கிறது.

படி 4: காயத்தையும் குற்றத்தையும் வரிசையாக எழுதுங்கள்

இது நோட்டுப் புத்தக வேலை. பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் வில்லனுக்கு நடந்தது, வலப்பக்கம் வில்லன் செய்தது. நடந்த வரிசையிலேயே எழுத வேண்டும், அதுதான் முக்கியம்.

ஃபிராங்கன்ஸ்டைனின் உருவத்துக்கு எழுதிப் பாருங்கள். படைத்தவன் கண் திறந்த இரவே அதை விட்டு ஓடுகிறான். காட்டில் அலைந்து, டி லாசி என்ற ஏழைக் குடும்பத்தின் குடிசையை ஒட்டிய ஒரு கொட்டகையில் ஒளிந்துகொண்டு, பலகை இடுக்கு வழியாக அவர்களைப் பார்த்துப் பேச்சு கற்கிறது. முதலில் அவர்கள் உணவிலிருந்து கொஞ்சம் திருடுகிறது. பிறகு, இளையவர்கள் தங்களுக்கு வைத்துக்கொள்ளாமல் கிழவருக்கு எடுத்து வைப்பதைக் கண்டதும் திருட்டை விட்டுவிட்டு, பழமும் கிழங்கும் தின்று சமாளிக்கிறது. ராத்திரியில் ஃபீலிக்ஸின் கருவிகளை எடுத்துக்கொண்டு போய்ப் பல நாளைக்கு ஆகும் விறகு வெட்டிக் கொண்டுவந்து போடுகிறது. காலையில் கதவைத் திறந்த அகதா வாசலில் கிடக்கும் விறகுக் குவியலைப் பார்த்துத் திகைத்து நிற்கும் அந்தச் சின்ன இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடாதீர்கள். வலப்பக்கத்தில் இதுவரை திருட்டைத் தவிர எதுவும் இல்லை.

அப்புறம் எல்லாரும் வெளியே போன நேரம் பார்த்துப் பார்வையற்ற கிழவரிடம் போய்ப் பேசுகிறது. அவர் முகத்தைப் பார்க்க முடியாதவர், எனவே பேச்சை வைத்து நம்புகிறார். மற்றவர்கள் திரும்பி வந்ததும் அகதா மயங்கி விழ, ஃபீலிக்ஸ் தடியால் அடிக்கிறான். உருவம் திருப்பி அடிக்கவில்லை, அவனைக் கிழித்துப் போட்டிருக்க முடியும் என்றாலும். குடும்பம் ஊரை விட்டே போன பிறகு காலிக் குடிசையைக் கொளுத்துகிறது. வழியில் ஆற்றில் விழுந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றி, அதற்குப் பரிசாகத் துப்பாக்கிக் குண்டு வாங்குகிறது.

இதற்கெல்லாம் பிறகுதான் விக்டரின் தம்பி, சிறுவன் வில்லியம்.

வரிசையாக எழுதும்போதுதான் ஒன்று தெரியும்: முதல் கொலைக்கு முன் இடப்பக்கம் நிரம்பி வழிகிறது. நல்லவனாக இருந்தேன், துயரம்தான் என்னைப் பேயாக்கியது என்று அது விக்டரிடம் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் எழுதுவதை இங்கே நிறுத்தாதீர்கள்.

ஹீத்கிளிஃபுக்கும் இதே மாதிரி ஒரு பக்கம் போடுங்கள். அவன் எங்கிருந்து வந்தவன் என்பதே கடைசிவரை தெரியாது. பக்கத்து வீட்டு லின்டன் அவனை 'லஸ்கர்' பையனாக இருக்குமோ என்கிறார். ஆங்கிலேயக் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய, ஆசிய மாலுமிகளை அப்படித்தான் அழைப்பார்கள், எனவே நம் வாசகர்கள் அந்த வரியில் ஒரு கணம் நிற்கலாம். அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த பெரியவர் எர்ன்ஷா செத்ததும் அவர் மகன் ஹிண்ட்லி அவன் படிப்பை நிறுத்திப் பண்ணையாள் ஆக்குகிறான். அவனைக் கல்யாணம் செய்தால் தனக்கு இழிவு என்று எர்ன்ஷாவின் மகள் கேத்தரின் நெல்லியிடம் சொல்வதை மறைவில் கேட்டுவிட்டு ஹீத்கிளிஃப் எழுந்து போகிறான், அடுத்த மூச்சில் அவள் தன் உயிரே அவன்தான் என்கிற மாதிரி பேசுவதைக் கேட்க அவன் அங்கே இல்லை. இதைவிடக் கொடுமையான நேரத் தவறு நாவல்களில் அதிகம் இருக்காது.

படி 5: வேறு வழி திறந்திருந்த இடம் எது?

சோக வில்லனுக்கும் வெறும் வில்லனுக்கும் வித்தியாசம் இங்கேதான். கெட்டவன் ஆக வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு நொடியை நாவல் அவனுக்குக் கொடுத்திருக்கும். அதைக் கண்டுபிடித்து அடிக்கோடு போடுங்கள்.

'தி இத்தாலியன்' நாவலில் ஷெடோனி என்ற துறவி, தூங்கிக்கொண்டிருக்கும் எலேனாவைக் குத்தக் கத்தியோடு குனிகிறான். அவள் கழுத்தில் கிடக்கும் சிறு ஓவியத்தைப் பார்த்தால் அதில் இருப்பது அவன் முகம். தன் மகள் என்று நினைத்துக் கலங்கிப்போகிறான் (உண்மையில் மகள் இல்லை, அது பின்னால் தெரியும்). அவ்வளவு நேரம் இறுகிக் கிடந்தவன் உடையும் அந்த இடத்தில் எனக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. அடுத்த சில பக்கங்களிலேயே, இந்த மகளை நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தால் தனக்கு என்ன லாபம் என்று அவன் யோசிக்க ஆரம்பித்ததும் அது பாதியாகக் குறைந்தது.

'தி மங்க்' நாவலின் அம்ப்ரோசியோ இன்னும் மோசம். மடத்து வாசலில் கிடந்த குழந்தை, இயல்பிலே நல்ல குணங்கள் உள்ளவன், வளர்த்த துறவிகள்தான் அவற்றை நசுக்கிப் பயத்தையும் ஆணவத்தையும் ஊட்டினார்கள் என்று லூயிஸ் நின்று நிதானமாக விளக்குகிறார். அதே அம்ப்ரோசியோ எல்விராவைக் கொல்கிறான், அன்டோனியாவை வன்புணர்ந்து கொல்கிறான். இன்க்விசிஷன் என்ற கத்தோலிக்க மத விசாரணை மன்றத்தின் தண்டனைக்குப் பயந்து ஆன்மாவை விற்றுக் கையெழுத்துப் போட்ட பிறகு சாத்தான் சொல்கிறான்: இன்னும் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் தப்பித்திருப்பாய், கதவருகே கேட்ட காலடி மன்னிப்போடு வந்த காவலர்களுடையது. கூடவே, நீ கொன்றவர்கள் உன் தாயும் தங்கையும். அவன் வளர்ந்த விதத்துக்காக இரங்கலாம், அன்டோனியாவை நினைத்த பிறகும் அது எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அதிகம் மிஞ்சவில்லை.

ஹீத்கிளிஃபுக்கு அந்த நொடி ஒரு குழந்தை வடிவில் மேலிருந்து விழுகிறது. குடிவெறியில் ஹிண்ட்லி தன் பிள்ளை ஹேர்ட்டனை மாடிக் கைப்பிடிக்கு வெளியே நீட்டி, பிடி நழுவ விடுகிறான். கீழே தற்செயலாக வந்த ஹீத்கிளிஃப் யோசிக்காமல் குழந்தையைப் பிடித்துவிடுகிறான். பிடித்த பிறகு நிமிர்ந்து பார்த்து, தன் பழிவாங்கலைத் தானே கெடுத்துக்கொண்டோமே என்று அவன் முகம் போகிற போக்கை நெல்லி விவரிக்கிறாள். கை நல்லது செய்கிறது, மனம் அதற்காக வருந்துகிறது. ஒரே பத்தியில் இரண்டையும் வைத்த எமிலி பிரான்டியை என்னவென்று சொல்ல!

படி 6: செத்தவர்களின் பட்டியல்

தாவிவிடத் தோன்றும் படி இது, தாவாதீர்கள். ஒவ்வொருவர் பெயரையும், அவர்கள் என்ன தப்பு செய்தார்கள் என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலும் இரண்டாவது கட்டம் காலியாகவே இருக்கும்.

ஜஸ்டின் மோரிட்ஸ். விக்டரின் வீட்டில் வளர்ந்த வேலைக்காரப் பெண். வில்லியத்தைக் கொன்ற உருவம், சிறுவனிடமிருந்து எடுத்த படத்தைத் தூங்கிக்கொண்டிருந்த இவளுடைய உடையில் செருகிவிட்டுப் போகிறது. மனிதர்களின் சட்டம் எப்படி வேலை செய்யும் என்று ஃபீலிக்ஸின் பாடங்களிலிருந்து தெரிந்துகொண்டதாக அதுவே பெருமைப்படுகிறது. அவள் தூக்கில் தொங்குகிறாள். வில்லியத்தின் கொலையை ஆத்திரத்தில் நடந்தது என்று வாதாட இடம் இருக்கிறது, இதை அப்படிச் சொல்ல வழியே இல்லை. இது நிதானமாகச் செய்தது, அதுவும் தன்னைப் போலவே நாதியற்ற ஒரு பெண்ணுக்கு. உண்மை தெரிந்தும் நீதிமன்றத்தில் வாய் திறக்காத விக்டரின் பெயரையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இசபெல்லா. லின்டனின் மகள். இவள் அவன் கையால் சாகவில்லை, ஆனாலும் பட்டியலில் இருக்க வேண்டியவள். ஹீத்கிளிஃபைக் காதல் கதை நாயகன் என்று நம்பி ஓடிப்போனவள். ஓடுகிற அன்றே அவள் நாய்க்குட்டியை அவன் தூக்கில் மாட்டுகிறான், அப்படியும் அவளுக்குப் புரியவில்லை. பிறகு நெல்லிக்கு எழுதும் கடிதத்தில், என் கணவன் மனிதன்தானா, பைத்தியமா, இல்லை பேயா என்று கேட்கிறாள். ஹீத்கிளிஃபை உருகி உருகிக் காதலனாகப் போற்றும் வாசகர்களை எமிலி பிரான்டி எதிர்பார்த்தே இசபெல்லாவை உள்ளே வைத்தார் போலிருக்கிறது.

அப்புறம் ஒரு பெயர் இல்லாதவள். 'ஃபேன்டம்' நாவலில் வில்லன் எரிக் பெரிய சரவிளக்கை விழவைக்கும்போது செத்துப்போவது ஒரு வாயிற்காவல்காரி. பெட்டி இருக்கைகளைக் கவனிக்கும் வேலைக்கு, மேடம் ஜிரிக்குப் பதிலாக அவளை வைப்பதாக இருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றுதான் ஆப்பெராவுக்கு வந்திருந்தாள். இத்தனை கிலோ அவள் தலையில் விழுந்தது என்று மறுநாள் ஒரு பத்திரிகைத் தலைப்பு, அவளுக்கான இரங்கல் அவ்வளவுதான் என்கிறார் லெரூ. எரிக்கின் காதலைப் பற்றிப் பேசுகிறவர்களில் இவளை ஞாபகம் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

படி 7: புத்தகத்துக்குள்ளே யார் இரங்குகிறார்கள்?

நம் இரக்கத்தை உரசிப் பார்க்க நல்ல வழி இது. வில்லனால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் இரங்கினால் அதற்குத் தனி எடை உண்டு.

டிராகுலா மீனாவின் ரத்தத்தைக் குடித்துத் தன் ரத்தத்தையும் குடிக்க வைத்தவன். அவள் கணவன் ஜோனதன் அவனை நரகத்துக்கே அனுப்பத் துடிக்கும்போது, மீனாதான் இத்தனை துயரத்துக்கும் காரணமான அந்த ஆன்மாதான் எல்லாரையும்விடப் பரிதாபமானது என்கிறாள். வேட்டையை நிறுத்தச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கொல்லத்தான் வேண்டும், ஆனால் வெறுப்போடு வேண்டாம் என்கிறாள். கடைசியில் அவன் தூளாக உதிர்வதற்கு முந்தைய கணம் முகத்தில் தெரிந்த அமைதியைக் குறித்து வைப்பதும் அவள்தான். நான் சொல்ல வந்தது எல்லாம் மீனாவின் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது.

ஹீத்கிளிஃப் செத்தபோது உண்மையாக அழுதது ஹேர்ட்டன் ஒருவன்தான். அப்பனின் சொத்தைப் பறித்து, எழுத்தறிவே இல்லாமல் வளர்த்து, தனக்கு ஹிண்ட்லி செய்ததை அப்படியே அந்தப் பிள்ளைக்குத் திருப்பிச் செய்தவன் ஹீத்கிளிஃப். எல்லோரும் பார்க்கவே கூசிய பிணத்தின் முகத்தை ஹேர்ட்டன் முத்தமிட்டு அழுகிறான்.

எரிக், தான் அடைய நினைத்த பாடகி கிறிஸ்டினை விட்டுவிடுவது அவள் பயந்து ஒதுங்காமல் நெற்றியில் முத்தமிட அனுமதித்ததால். பெற்ற தாயே தன்னை முத்தமிட விடாமல் முகமூடியை எடுத்து எறிந்தவள் என்று அவன் 'பாரசீகர்' என்றே நாவல் அழைக்கும் தன் பழைய அறிமுகக்காரரிடம் சொல்லி அழும் பக்கங்கள் நாவலிலேயே உச்சம். ஆனால் அந்த இரக்கம் எந்த நிலைமையில் கிடைத்தது என்று பாருங்கள்: மறுத்தால் ஆப்பெராவே வெடித்துச் சிதறும் என்ற மிரட்டலின் கீழ், கீழறையில் காதலன் சாகக் கிடக்கும்போது. அதை அன்பு என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

படி 8: பொருந்தாத இடத்தில் திணிக்காதீர்கள்

எல்லா வில்லனுக்கும் இந்த வேலை தேவையில்லை. ராட்கிளிஃபின் 'உடோல்ஃபோ'வில் வரும் மொன்டோனி பணத்துக்காகக் கொடுமை செய்கிறவன், அவ்வளவுதான். ஸ்டீவன்சனின் 1886 நாவலான 'டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்' கதையில், ஜெக்கில் மருந்து குடித்து ஹைடு என்ற கெட்டவனாக மாறுகிறார்; அங்கே இரங்க வேண்டியது ஹைடுக்கு அல்ல, ஜெக்கிலுக்கும்கூட அளந்துதான், ஏனென்றால் மாட்டிக்கொள்ளாமல் ஆட்டம் போட ஒரு உடம்பு வேண்டும் என்று அவர் விரும்பித்தான் மருந்தைக் குடித்தார்.

படி 9: எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

'ஃபிராங்கன்ஸ்டைன்' வாங்கும்போது 1818 பதிப்பா, 1831இல் மேரி ஷெல்லி திருத்தியதா என்று முன்னுரையில் தேடுங்கள். திருத்திய பதிப்பில் விக்டர் விதியைப் பற்றி அதிகம் பேசுவான், அவன் செய்ததெல்லாம் ஏதோ தலையெழுத்து மாதிரி தோன்ற ஆரம்பிக்கும், அதற்கேற்ப உங்கள் இரக்கமும் அவன் பக்கம் கொஞ்சம் நகரும். 1818இல் அவன் அவ்வளவு சுலபமாகத் தப்பிக்க முடியாது. அதன் தலைப்புப் பக்கத்திலேயே மில்டனின் ஆதாம் கடவுளைப் பார்த்து, மண்ணிலிருந்து என்னை மனிதனாக வனையச் சொல்லி நான் கேட்டேனா என்கிற வரிகள் இருக்கும். நண்பர்களோடு சேர்ந்து படிப்பதானால் ஆளுக்கொரு பதிப்பை எடுத்துக்கொண்டு, ஜஸ்டின் விசாரணை அத்தியாயத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசிப் பாருங்கள், ஒரு மாலை முழுக்கத் தாங்கும்.